அத்தியாயம் 7: பழைய அம்பாசடரில் புதிய சொகுசு – எது முதலில், எது கடைசியில்

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி மலைக்குப் போகிறவர்களை ஒரு காலத்தில் ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் அம்பாசடர் டாக்ஸிகள்தான். கேரியரில் பெட்டிகள், பின்சீட்டில் நெருக்கியடித்த குடும்பம், முன்சீட்டில் டிரைவரோடு இன்னும் இருவர். அந்த டாக்ஸிகளில் பல இன்று நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டி பக்கம் தகரக் கொட்டகைகளில் தூசி படிந்து நிற்கின்றன. அப்படி ஒன்றை வீட்டிலேயே சீர்செய்து, ஏ.சி. முதலான இக்கால வசதிகளையும் சேர்த்து, குடும்பத்தோடு ஓட்ட நினைப்பவருக்கானது இந்த அத்தியாயம்.

இந்த வேலைக்குக் கொடைரோட்டைவிடக் கறாரான பரீட்சை மையம் கிடைக்காது. வீட்டு வாசலிலிருந்து ஒரு பக்கம் திண்டுக்கல்–மதுரை நாற்கரச் சாலை. கோடையில் நாற்பது டிகிரி வெயிலில் தார் கொதிக்கும். மறுபக்கம் சுமார் 80 கிலோமீட்டரில் கொடைக்கானல். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சமவெளியிலிருந்து 2,000 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏற வேண்டும். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. இரண்டு சாலைகளிலும் தேறிய வண்டி தமிழ்நாட்டில் எங்கும் ஓடும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இது: சொகுசு தரும் ஒவ்வொரு கருவியும் இன்ஜின், ரேடியேட்டர், பேட்டரி ஆகிய மூன்றிடமும் கடன் வாங்குகிறது. கடன் கொடுக்க அவற்றிடம் கையிருப்பு உண்டா என்று பார்க்காமல் ஏ.சி.யை மாட்டுவதால்தான் பல வண்டிகள் மீண்டும் கொட்டகைக்கே திரும்புகின்றன. அதனால் வேலையின் வரிசை முக்கியம்: நிறுத்தம், இன்ஜின் குளிர்விப்பு, மின்சாரம், வெப்பத் தடுப்பு, அதன் பிறகே ஏ.சி.

எந்த வண்டி?

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைத் தயாரித்தது. 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. வெளித்தோற்றம் பெரிதாக மாறாததால் எல்லாம் ஒரே வண்டி என்று தோன்றும். உள்ளே வேறுபாடு அதிகம். நெடுங்காலம் வந்தது 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், சக்தி ஏறக்குறைய 50 குதிரைத்திறன். 1990களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட். மாடலில் இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் இருந்தன. டீசல் வண்டிகள் தனி ரகம். கீழே வரும் கணக்குகள் 1,489 சி.சி. பெட்ரோல் வண்டிக்கானவை.

வாங்கும்போது இன்ஜின் ஓசையைக் கேட்டு மயங்க வேண்டாம். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்து மாட்டலாம். அழுகிய பாடியை மீட்பதுதான் செலவு. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சுமை தாங்கும் கட்டுமானம். ஒரு ஸ்குரூடிரைவரின் பிடியால் கதவுக்கு அடியிலுள்ள வாசல்படித் தகடுகள், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியின் தரை, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்கள் ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு, மொத்தென்றால் பட்டி. நான்கு கதவுகளும் தூக்கிப் பிடிக்காமல் தானாகப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். பொருந்தாவிட்டால் பாடி தொய்ந்திருக்கலாம். நம் பகுதி கடற்கரை அல்ல என்பதால் துரு ஓரளவு குறைவு. ஆனால் ஐப்பசி மழையில் ஒழுகி, தரை விரிப்புக்கு அடியில் தேங்கிய ஈரம் வெளியே தெரியாமல் தகட்டைத் தின்னும். விரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாதவரிடம் வண்டி வாங்காதீர்கள்.

வாசல்படித் தகட்டை வெட்டி மாற்றும்போது கதவு திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் கொடுத்து முட்டுக் கட்டிய பின்பே வெட்ட வேண்டும். இல்லையென்றால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவே சாத்தாது. டிங்கரிங் செய்பவர் அனுபவசாலியாக இருந்தாலும் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காகிதம் முதலில்

திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பரில்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் இங்கு வாங்கிய வண்டிகளின் பதிவு மதுரையில் இருக்கலாம். ஆர்.சி. நடப்பில் உள்ளதா, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா என்பதைப் பணம் கொடுக்கும் முன் ஒப்பிடுங்கள். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டாக்ஸியாக ஓடிய வண்டி என்றால் சொந்த உபயோகத்துக்கு மாற்றிய பதிவு உண்டா என்றும் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஜினை மாற்றுவது, பாடியை வெட்டி நீட்டுவது, கேஸ் அல்லது மின்சார கிட் பொருத்துவது எல்லாம் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு நடக்க வேண்டியவை. வண்ணத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். ஏ.சி., சீட், ஒலித்தடுப்பு, சார்ஜர் போன்றவை வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடாதவை.

உங்கள் வண்டி முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருந்தால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதித் திருத்தத்தின்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதிந்து, ‘விஏ’ எழுத்துகள் கொண்ட எண் பெறலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வாரம் ஒரு முறை குடும்பத்தோடு கொடைக்கானல் போக விரும்புகிறவருக்கு வழக்கமான பதிவே ஏற்றது.

சட்டம் எப்படி இருந்தாலும் நாமே வைத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. புதிதாகச் சேர்க்கும் எதையும் ஒரு நாளில் கழற்றி, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும். ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பிராக்கெட் மாட்டுங்கள். டேஷ்போர்டில் புதுத் துளை போடாதீர்கள். கழற்றிய அசல் பாகங்களுக்கு எண்ணெய் தடவி, சீட்டு ஒட்டி, பெட்டியில் வையுங்கள். நாளை வண்டியை விற்க நேர்ந்தால் அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

வீட்டில் எது, பட்டறையில் எது?

வீட்டில் செய்யக்கூடியவை: பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்தல், வயரிங், வெப்பத் தடுப்பு, ரப்பர் பீடிங், சீட் கழற்றி மாட்டுதல், ஹோஸ்கள், கூலண்ட், ஏ.சி. பாகங்களைப் பொருத்துதல்.

வெளியே கொடுக்க வேண்டியவை: சிலிண்டர் போரிங், வால்வு சீட், ரேடியேட்டர் கோர், கட்டுமானத் தகடு வெல்டிங், பெயிண்ட், ஏ.சி. கேஸ் நிரப்புதல். பிரேக் வேலையை வீட்டில் செய்தாலும், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் சரிபார்க்காமல் சாலைக்கு எடுக்கக் கூடாது.

லேத், போரிங் வேலைகளுக்குத் திண்டுக்கல்லும் மதுரையும் பக்கம். அங்கே கிடைக்காத பழைய பாகங்களைக் கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடலாம்.

மூன்று எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். பழைய பிரேக் ஷூவின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்தால் துடையுங்கள். காலியான பெட்ரோல் டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது; வீட்டில் அதற்கு வெல்டிங் வைக்கவே கூடாது.

கட்டம் 1: நிற்க வேண்டும்

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஆரம்பகால வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றைச் சுற்று; எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் முதல் செலவு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு. அடுத்தது, பிற்கால மாடல்களில் வந்த முன் டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும். அதே குடும்பத்துப் பாகங்கள் என்பதால் தேடிப் பிடித்தால் பொருத்துவது எளிது. முன்பக்கம் முழு செட்டாகவே வாங்குங்கள். டிஸ்க் ஒரு வண்டியிலிருந்தும் காலிப்பர் இன்னொரு வண்டியிலிருந்தும் என்று கலந்தால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

டிரம்மையே வைத்துக்கொள்ள விரும்பினால் தவறில்லை. டிரம்மைக் கடைந்து சமப்படுத்தி, புது லைனிங், புது வீல் சிலிண்டர், புது ஹோஸ்கள் போடுங்கள். பிரேக் ஆயிலை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை இறங்கலாம். மலைமேலுள்ள பெருமாள்மலையிலிருந்து அடிவாரத்துக் காட்ரோடு வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழியாகும். அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். மலைச்சாலை டிரைவர்களின் இந்தப் பழைய வழக்கத்துக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் எவ்வளவு தெரிந்தாலும் பத்தாண்டு தாண்டிய டயர் வேண்டாம். 15 அங்குல ரேடியல் டயருக்கு மாறுவதே பல அம்பாசடர்களில் கண்கூடான முதல் சொகுசு.

கட்டம் 2: சூடேறக் கூடாது

நம் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைக் காரை, பல ஆண்டுகளாக அந்தத் தண்ணீரை ஊற்றிய இன்ஜின் பிளாக்குக்குள்ளும் படிந்திருக்கும். ரேடியேட்டரை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை. வெல்ஷ் பிளக்குகளைக் கழற்றி, பிளாக்குக்குள் தண்ணீர் பீய்ச்சிச் சேறும் காரையும் வெளியே வரும்வரை கழுவ வேண்டும். அதன் பிறகு ரேடியேட்டருக்குக் கூடுதல் வரிசை கொண்ட செம்புக் கோர் போடச் சொல்லுங்கள். நிரப்புவதற்கு வாலை வடித்த தண்ணீரும் கூலண்டும் மட்டும்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் கவனிப்பதில்லை. மூடி தாங்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் போன மூடியோடு மலை ஏறும் வண்டி, இன்ஜின் நன்றாக இருந்தாலும் மலைப்பாதையிலுள்ள ஊத்து வரும்போதே புகை விடுவது இதனால்தான். உங்கள் ரேடியேட்டருக்கு உரிய அழுத்தத்தில் புது மூடி வாங்குங்கள். அதைவிட அதிக அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். அது இல்லாத இன்ஜின் காலையில் சரியான வெப்பத்துக்கு வராமல் ஓடித் தேயும். விசிறியைச் சுற்றி ஒரு தகரக் கூண்டு அமைத்து, விசிறி இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே வரும்படி செய்யுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

எரிபொருளிலும் இரண்டு மாற்றங்களைக் கணக்கில் கொள்ளுங்கள். 2000 பிப்ரவரியோடு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் ஈயத்தின் பாதுகாப்பை நம்பியிருந்தவை. ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட் வளையங்கள் போட்டுவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவற்றை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களும் கிட்டும் வாங்கி மாற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்தி வைப்பதென்றால் டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி, ஆவி அடைத்து வண்டி நின்றால் பம்ப் மேல் ஈரத்துணி போடுவது பழைய டிரைவர்களின் வைத்தியம். நிரந்தர வைத்தியம் வேறு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் பம்புக்கும் இடையே ஒரு தகடு வைத்து, பெட்ரோல் குழாயை வெப்பத்திலிருந்து விலக்கி ஓட்டுங்கள். மின்சாரப் பம்ப் போட்டால் கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தம் உள்ளதாக இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் ஆகாது. ஊசி வால்வை மீறிப் பெட்ரோல் வழியும்.

கட்டம் 3: மின்சாரக் கணக்கு

பழைய டைனமோ அதிகபட்சம் தருவது சுமார் 20 ஆம்பியர். அதற்கு ஏற்ற வாழ்க்கைதான் வண்டி வாழ்ந்தது. புதிய செலவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். 12 வோல்ட் வண்டிக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

– ஹாலோஜன் ஹெட்லைட் இரண்டு: 9 ஆம்பியர்
– பின் விளக்கு, மீட்டர் விளக்கு: 3
– இக்னிஷன்: 4
– வைப்பர், ஹார்ன், சராசரியாக: 4
– செல்போன் சார்ஜர், பாட்டுப் பெட்டி: 4
– ஏ.சி. புளோயர்: 12
– கண்டன்சர் விசிறி: 10
– கம்ப்ரஸர் கிளட்ச்: 4

முதல் நான்கும் சேர்ந்து 20. மழை இரவில் ஏ.சி.யோடு எல்லாம் ஓடினால் 50. டைனமோவோடு ஏ.சி. மாட்டிய வண்டி வழியில் நின்றுபோவதற்கான விளக்கம் இந்தக் கூட்டல்தான். ஆகவே 65 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் தேவை. ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழு அளவு தராது. கையிருப்பு வைப்பது அதற்காக. ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த ரகம் வாங்கினால் பழைய கட்-அவுட் பெட்டியின் வேலை முடிந்துவிடும். அழகுக்காகப் பெட்டியை மட்டும் அதே இடத்தில் விட்டுவைக்கலாம்.

மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரையோ எலக்ட்ரானிக் இக்னிஷனையோ மாட்டினால் அந்த நொடியே கருகும். டேஷ்போர்டில் ஆமீட்டர் இருந்தால் வண்டியின் மின்னோட்டம் பெரும்பாலும் அதன் வழியாகவே ஓடும். 50 ஆம்பியரைத் தாங்க அது பிறக்கவில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் வயரை ஃபியூஸோடு நேராக இழுத்து, ஆமீட்டரைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, வோல்ட்மீட்டர் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

துணி சுற்றிய பழைய வயர் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபியூஸ். ஹெட்லைட், ஹார்ன், புளோயர், விசிறி நான்குக்கும் ரிலே. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டதுமே பழைய பல்பே பளிச்சென்று எரிவதைப் பார்ப்பீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும். அசல் பாயிண்ட்டையும் இக்னிஷன் கண்டன்சரையும் டூல் பையில் வைத்திருந்தால் வழியில் மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

கட்டம் 4: வெயிலை வெளியே நிறுத்துங்கள்

ஏ.சி. பேச்சை எடுக்கும் முன் ஒரு மதியம் வண்டியை வெயிலில் நிறுத்தி, உள்ளே கையால் தொட்டுப் பாருங்கள். கூரை, இன்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு, கியர்பாக்ஸ் மேடு மூன்றும் சுடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான் இந்த மூன்றையும் மூடாமல் ஏ.சி. போடுவது.

சீட், விரிப்பு, கூரைத் துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தகட்டைத் துருநீக்கி, பிரைமர் அடியுங்கள். அதிர்வைத் தடுக்கும் பியூட்டைல் ஷீட்டைத் தகட்டின் பெரிய சமதளங்களில் ஒட்டினால் போதும். முழுவதும் ஒட்டினால் எடைதான் கூடும். அதன் மேல் நீர் உறிஞ்சாத, மூடிய துளைகள் கொண்ட ஃபோம். சணல் பாய், பஞ்சு போன்றவை வேண்டாம். மழைநீரைப் பிடித்து வைத்துத் தகட்டை அழிக்கும். தரையிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

அடுத்து ஓட்டைகள். கிளட்ச், பிரேக் பெடல்கள் வரும் துளை, ஸ்டியரிங் குழாய், வயர் நுழையும் இடங்கள் எல்லாவற்றுக்கும் புது ரப்பர். கதவு பீடிங், கண்ணாடிச் சேனல், முக்கோணக் கண்ணாடியின் ரப்பர் எல்லாம் புதிதாக வேண்டும். கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே காற்று புகும். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்தது. வெயிலைத் தடுக்கும் ரகக் கண்ணாடியே கிடைத்தால் அதைப் போடுங்கள்.

சீட்டுக்கு ரெக்சின்தான் அசல். வெயிலில் நின்ற ரெக்சினில் உட்கார முடியாது; அரசு அதிகாரிகளின் அம்பாசடர்களில் வெள்ளை டர்க்கித் துண்டு நிரந்தரமாகக் கிடந்தது. அசல் ரெக்சினை வைத்துக்கொண்டு, உட்காரும் பகுதிக்கு மட்டும் தடித்த பருத்திக் கைத்தறித் துணியில் உறை தைத்தால் அழகும் கெடாது, தொடையும் சுடாது. உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைச் சரிசெய்து, மேலே புது ஃபோம் போடச் சொல்லுங்கள். முழுக்க ஃபோமாக மாற்றினால் தலை கூரையில் இடிக்கும்.

இந்தக் கட்டம் முடிந்ததும் ஒரு வாரம் ஏ.சி. இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு இதுவே போதுமென்று ஆகிவிடும்.

கட்டம் 5: ஏ.சி.

கார் ஏ.சி. கம்ப்ரஸர் சுழல மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் வேண்டும். 50 குதிரை இன்ஜினுக்கு அது பத்தில் ஒரு பங்கு வரை. கொடைக்கானல் உயரத்தில் காற்று மெலிந்து, இன்ஜின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும். ஆகவே அளவான கம்ப்ரஸரே தேவை. சிறிய காருக்கான ரகம் போதும்.

டேஷ்போர்டை வெட்டாமல், அதற்கு அடியில் தொங்கும் கூலிங் காயில் பெட்டியை வாங்குங்கள். கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் வரும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு, ஓரங்களை ஃபோமால் அடைத்து, முன்னால் தனி மின்விசிறி மாட்டுங்கள். கம்ப்ரஸர் பிராக்கெட்டை இன்ஜினில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் பொருத்தும்படி தடித்த தகட்டில் செய்யச் சொல்லுங்கள். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நீள ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். கோடு தப்பினால் பெல்ட் வாரத்துக்கு ஒன்று போகும்.

மூன்று பாதுகாப்புகள் இல்லாமல் ஏ.சி.யை முடித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். ஒன்று, அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் கிளட்சைத் துண்டிக்கும் பிரஷர் சுவிட்ச். இரண்டு, ஏ.சி. ஓடும்போது ஐடில் வேகத்தைச் சற்று உயர்த்தும் அமைப்பு. இது இல்லாத கார்புரேட்டர் வண்டி டோல்கேட் வரிசையில் உதறி நின்றுவிடும். மூன்று, இன்ஜின் வெப்பம் எல்லை மீறினால் கம்ப்ரஸரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச்.

பழைய பாகங்கள் எதைப் பயன்படுத்தினாலும் டிரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாக இருக்க வேண்டும். நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேக்குவம் இழுத்து, ஆர்134ஏ கேஸை எடை போட்டு நிரப்பும் கடைக்குப் போங்கள். சமையல் கேஸ் வகை எரியும் வாயுவைச் சல்லிசாக நிரப்புகிறோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் சூடுக்குப் பக்கத்தில் அது கசிந்தால் ஆபத்து.

தள்ளிப் போடக்கூடியவை

பவர் ஸ்டியரிங் கேட்பவர்கள் அதிகம். சிறிய காரின் மின்சார ஸ்டியரிங் மோட்டாரைப் பொருத்த முடியும். ஆனால் நிறுத்தும் இடத்தில் திருப்பும்போது அது ஒரே இழுப்பில் 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஸ்டியரிங் குழாயை வெட்டி ஒட்ட வேண்டியும் வரும். அந்த வெல்டிங் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று மலை வளைவில் யோசித்துப் பாருங்கள். முன்பக்கக் கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடித்து, டயரில் சரியான காற்று வைத்து, அலைன்மென்ட் பார்த்தால் அம்பாசடரின் பெரிய ஸ்டியரிங் வளையமே போதிய உதவி செய்யும்.

சீட் பெல்ட் சொகுசுக் கணக்கில் வராது, கட்டாயம் போடுங்கள். மூன்று புள்ளி பெல்ட்டைத் தூணிலும் தரையிலும் மாட்டும் இடங்களில் பின்புறம் தடித்த தகடு கொடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். துளை போடாதே என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

உங்கள் வண்டி வேறு என்றால்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் வந்த வண்டி. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு என்பதால் பாடியைத் தூக்கி வைத்து வேலை பார்க்கலாம். 948 சி.சி. இன்ஜினுக்கு ஏ.சி. பெரும் பாரம், நான்காம் கட்டத்தோடு நிறுத்துங்கள். 1,089 சி.சி. பிரீமியர் பத்மினிக்குச் சிறிய கம்ப்ரஸர் ஒத்துவரும். ஆனால் ரேடியேட்டரையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றாமல் தொடாதீர்கள்.

வெள்ளோட்டம்

வேலை முடிந்த வண்டியை நேராக மலைக்கு எடுக்கக் கூடாது. நோட்டு ஒன்று வைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் வெப்பமானி, வோல்ட்மீட்டர் இரண்டும் காட்டியதை எழுதுங்கள்.

1. கொடைரோடு–நிலக்கோட்டை, அதிகாலை, ஏ.சி. இல்லாமல். திரும்பி வந்ததும் நான்கு சக்கர டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.
2. அதே சாலை, நண்பகல், ஏ.சி.யோடு. கடைத்தெரு நெரிசலில் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.
3. நாற்கரச் சாலையில் திண்டுக்கல் வரை, ஒரே சீரான வேகத்தில்.
4. இரவு மழையில், எல்லா விளக்கும் வைப்பரும் ஏ.சி.யும் போட்டு. வோல்ட்மீட்டர் 13க்குக் கீழே இறங்கக் கூடாது.
5. வத்தலக்குண்டு வழியாகக் காட்ரோடு, அங்கிருந்து டம்டம் பாறை வரை. ஏற்றத்தில் ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள், உயரம் கூடக் கூட மலைக்காற்றே போதும். பாறையில் இன்ஜினை உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பானட்டைத் திறந்து கசிவு பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.
6. இரண்டாம், மூன்றாம் கியரில் இறக்கம். அடிவாரத்தில் பெடல் புறப்படும்போது இருந்த உயரத்திலேயே இருக்க வேண்டும்.

ஆறும் தேறிய பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள். எதிலாவது தோற்றால் புதிதாக எதையும் வாங்காமல், தோற்ற கட்டத்துக்குத் திரும்புங்கள். வெப்பம் ஏறினால் இரண்டாம் கட்டம், வோல்ட் இறங்கினால் மூன்றாம் கட்டம், பெடல் தாழ்ந்தால் முதல் கட்டம். ஏ.சி.யில் குளிர் போதவில்லை என்றால் கேஸ் நிரப்ப ஓடும் முன் நான்காம் கட்டத்தின் ரப்பர்களை ஒரு முறை பாருங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.